கொடிமரத்து மண்

டிக். அப்புறம் ஒன்றும் இல்லை. இனி வராது போலிருக்கிறது என்று நினைக்கிறபோதே டிக் டிக் டிக்கென்று மூன்று சேர்ந்து வருகிறது, பிறகு ஒன்று, பிறகு யாரோ அள்ளி எறிந்ததுபோல ஒரு பிடி. இதை வைத்து ஜெபமாலை சொல்ல முடியாது, வந்த மறுநாளே முயன்று பார்த்துவிட்டேன். ஒரு டிக்குக்கு ஒரு மணி என்று விரலை நகர்த்தினால், நான் அருள் நிறைந்த மந்திரத்துக்கு வாய் திறப்பதற்குள் மேசைமேல் இருக்கிற பெட்டி பத்து மணிகளையும் தாண்டி அடுத்த தேவரகசியத்துக்குப் போய்விடுகிறது. மாதா காத்திருப்பாள், இது காத்திருக்காது. அதனால் அது அதன் வேலையைப் பார்க்கட்டும், நான் என் வேலையைப் பார்க்கிறேன் என்று முறத்தில் பச்சைப் பட்டாணியைக் கொட்டி உரித்துக்கொண்டிருக்கிறேன். மத்தியானச் சோறு ஆயிற்று. மகள் டெல்பின் சரியாகச் சாப்பிடவில்லை, தட்டைக் கிளறிவிட்டு எழுந்து ஆராய்ச்சி நிலையத்துக்குத் திரும்பிவிட்டாள். சன்னலுக்கு வெளியே மேகம் இறங்கித் தேயிலைச் சரிவில் பாதியை எடுத்துக்கொண்டது. பட்டாணித் தோல் ஐஸில் கிடந்த சாளை மீன் மாதிரி கைக்குச் சில்லென்று இருக்கிறது. குளச்சல் பக்கத்துக் கடற்கரையில் பிறந்து, அங்கேயே கட்டிக்கொடுக்கப்பட்டு, அங்கேயே மூன்று பிள்ளை பெற்றவளுக்கு இந்தக் குளிர் புதிது. மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறி மேலே ஏற ஏறக் காது அடைத்துக்கொண்டது, கர்த்தாவே நான் செவிடாகிப் போனால் பூசை எப்படிக் கேட்பேன் என்று பயந்தேன், ஒரு வளைவில் தானாகத் திறந்துகொண்டது. இப்போது நன்றாகக் கேட்கிறது. டிக். இந்த அறை, இந்தக் கம்பளி, இந்த முறம், எல்லாம் எனக்குப் பிடித்திருக்கிறது. பிடித்திருக்கிறது என்று சொல்லத்தான் கூச்சம், அவர் அங்கே முட்டுவலியோடு தனியே சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது.

கிட்ட வராதே என்கிறாள், அது ஒன்றுதான். இந்த வீட்டில் கால் வைத்த நாளிலிருந்து அவள் வாயில் அதிகம் வந்த சொல் அதுதான். பெட்டி மேசைமேல் இருக்கிறது, மேசை சன்னலோரம், நான் அடுக்களைப் பக்கமாகத் தள்ளிப் பாய்போட்டு உட்கார்ந்திருக்கிறேன். முதலில் வயர் இருக்கு, தட்டிரும், கிட்ட வராத அம்மோ என்றாள். அப்புறம் ஈரக்கையோட கிட்ட வராத. அப்புறம் காரணமே சொல்லாமல் வெறும் கிட்ட வராத. கோபத்தில் இல்லை, அவள் கோபப்படுகிற பிள்ளை இல்லை, தூங்காத பிள்ளை, அவ்வளவுதான். ஆனாலும் ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அது பெட்டியைப் பற்றிய சொல்லாக இருந்தாலும் மெல்ல மெல்ல நம்மைப் பற்றியதாக ஆகிவிடுகிறது. மகன் கிளீட்டஸ் பஹ்ரைனில் படகோட்டுகிறான், அவன் கிட்ட வா என்றும் சொல்வதில்லை வராதே என்றும் சொல்வதில்லை. ரெஜினாள் கொச்சியில் மாமியாரோடு, அவளுக்கு நான் போனால் சமையல்கட்டில் ஒரு கை. டெல்பின்தான் சின்னவள், பதினேழு வயதில் படிக்கப் போனவள் படிப்போடேயே போய்விட்டாள், நான் எட்டாம் வகுப்பு, எனக்கு அவளிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் சாப்பிட்டியா மக்ளே என்றே இத்தனை வருடம் பேசிவிட்டேன். இந்தத் தடவை அவளாகக் கூப்பிட்டாள். கொஞ்ச நாள் வந்து இரேன் அம்மோ என்று போனில் சொன்னபோது என்ன சுகக்கேடோ என்று நான்தான் வெப்ராளப்பட்டேன். சுகக்கேடு இல்லை. பெட்டி. ஒரு வருடமாக அவள் கையால் செய்த பெட்டி, உள்ளே ஒரு பலகை, அதைச் சுற்றிக் கறுப்புக் காகிதம், கறுப்புத் துணி, கறுப்பு டேப், சின்னக் குழந்தையைக் குளிருக்குப் பொதிந்த மாதிரி, ஒரு பொட்டு வெளிச்சம் உள்ளே போகக்கூடாதாம். இந்த ஒன்று சரியாக நின்றால் இதே மாதிரிப் பெட்டிகள் செய்து மலையில் இருக்கிற பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் வைப்பார்கள், பிள்ளைகள் அதைக் கேட்டுக் கேட்டு எண்ணுவார்கள். அதனால்தான் நிலையத்தில் வைக்காமல் வீட்டில் வைத்துப் பார்க்கிறாள், சாதாரண வீட்டில் சாதாரண மேசையில் அது எப்படி நடந்துகொள்கிறது என்று.

இந்த டிக் என்னவென்று கேட்டேன். ஆகாசத்துக்கும் அப்புறத்திலிருந்து வருவது, காஸ்மிக் கதிர் என்றாள். கதிர் என்றால் வெயிலா என்றேன். இல்லை, கண்ணுக்கு அகப்படாத தூள், ஒரு தூள் வந்து மேலே காற்றில் மோதும், மோதினால் சிதறும், சிதறினது இன்னும் சிதறும் என்று கையை விரித்துக் காட்டினாள், எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது, திருவிழாவின் கடைசி நாள் ராத்திரி மேலே போய் வெடித்துப் பூவாகக் கொட்டுமே அந்த வாணம். ஆமாம், அந்த வாணம்தான், அதன் பொறி கீழே வந்து கூரையைத் துளைத்து உன்னைத் துளைத்துப் பெட்டியைத் துளைத்துத் தரைக்குள் போகும், போகிறபோது பலகையில் மினுக்கென்று ஒரு வெளிச்சம், அந்த மினுக்கைத்தான் காதுக்குக் கேட்கிற மாதிரி வைத்திருக்கிறேன் என்றாள். என்னைத் துளைத்தா என்றேன். உன்னை, என்னை, பஹ்ரைனில் அண்ணனை, எல்லாரையும், பிறந்ததிலிருந்து. நான் என் கையைப் பார்த்துக்கொண்டேன். பட்டாணி உரிக்கிற கைதான். ஒன்றும் தெரியவில்லை. வலிக்காத காரியம் எவ்வளவோ நம் மேல் நடந்துகொண்டிருக்கிறது. சரி, வாணத்தை யார் கொளுத்துகிறார்கள், அந்த முதல் தூள் எங்கிருந்து புறப்பட்டு வருகிறது என்று கேட்டபோது அவள் முகத்தில் ஒரு மாற்றம் வந்தது, சின்ன வயதில் பரிசுப் பெட்டியைப் பிரிக்கும்போது வருமே அது. அதுதான் அம்மோ நூறு வருசமா கேக்குறாங்க என்றாள். பெரிய நட்சத்திரம் ஒன்று வெடித்துச் சாகிறபோது ஒரு அலை கிளம்புமாம், அந்த அலையில் அங்கேயும் இங்கேயும் எறிபட்டு எறிபட்டு இந்தத் தூள் வேகம் பிடிக்குமாம், கரை உடைகிற அலையில் கட்டுமரம் மாட்டிக்கொண்டால் எறிபடுகிறதே அப்படி. நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள், ஆனால் எல்லாத் தூளுக்கும் அதுதானா என்றால் நிச்சயம் இல்லை, ரொம்பப் பெரிய வேகத்தில் வருவது இன்னும் தூரத்திலிருந்து வருகிறது, அது எங்கே என்று யாருக்கும் தெரியாது. வருகிற திக்கைப் பார்த்தால் தெரியாதா மக்ளே என்றேன். தெரியாது, வழியெல்லாம் காந்தம், ஆகாசம் முழுக்க லேசான காந்தம், அது தூளை வளைத்து வளைத்து விட்டுவிடும், வடக்கேயிருந்து புறப்பட்டது மேற்கேயிருந்து வருகிற மாதிரி வரும். நூறு வருடம் கேட்டும் தெரியாது என்று சொல்ல இவர்களுக்கு வெட்கமே இல்லை, எனக்கு அது பிடித்திருந்தது. நம் ஆட்கள் ஒரு நாள் கேட்டுவிட்டு மறுநாள் பதில் வைத்திருப்பார்கள்.

இதை அவரிடம் போனில் சொன்னேன், போனைப் பெட்டிப் பக்கம் கொண்டுபோகக்கூடாது, அடுக்களையில் நின்றுதான் பேச வேண்டும். கடைசிவரை கேட்டுக்கொண்டார். பிறகு, கரையில் ஒரு கட்டை வந்து ஒதுங்குகிறது, அது எந்த ஊர் மரம் என்று யார் சொல்ல, நீரோட்டம் சுற்றிக்கொண்டு வந்து போட்டதாக்கும் என்றார். அதைத்தான் ஒன் மவ சம்பளம் வாங்கிப் படிக்காளா என்று ஒரு சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது. நாற்பது வருடம் கடலுக்குப் போனவருக்கு எல்லாமே கடல்தான், எனக்கு எல்லாமே கோவில், டெல்பினுக்கு எல்லாமே தூள். ஆனால் அவளுடைய தூளும் எங்கள் கரையில்தான் தொடங்கியது. எங்கள் மண் கறுப்பு. மழை விட்ட மறுநாள் பார்த்தால் கரை முழுக்கக் கறுத்து மினுங்கும், புதுப் பட்டுப்பாவாடை மாதிரி. பழுதான ரேடியோவின் ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கயிற்றில் கட்டி இவள் அந்த மண்ணில் இழுத்துக்கொண்டு போவாள், காந்தத்துக்குத் தாடி முளைக்கும், கறுத்த தாடி, அதைக் கொண்டுவந்து நான் மீன் அரிகிற இடத்தில் பிடித்துக்கொண்டு இது ஏன் அம்மோ ஒட்டுகு என்று கேட்பாள். நான் கடவுள் படைப்பு மக்ளே என்பேன். கடவுள் ஏன் எல்லா மண்ணையும் ஒட்டுகிற மாதிரிப் படைக்கவில்லை என்பாள். போடி அங்கோட்டு, மீனில் மண் விழும் என்று நான் விரட்டுவேன். ஆமாம். அப்போது நான்தான் கிட்ட வராதே என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இது இத்தனை நாள் ஞாபகத்துக்கு வரவில்லையே. டிக் டிக்.

மண் ஞாபகம் வந்தால் பையின் ஞாபகமும் வருகிறது, அதை நினைக்கவேண்டாம் என்றுதான் இவ்வளவும் நினைத்தேன். எங்கள் ஊரில் புதுப் படகு இறக்கும்போது சாமியார் தீர்த்தம் தெளிப்பதற்கு முன்னாலேயே பெண்கள் ஒரு காரியம் செய்துவிடுவோம். திருவிழாக் கொடியேறிய நாளில் கொடிமரத்தடியில் அள்ளிய மண்ணை ஒரு சின்னத் துணிப்பையில் தைத்து, படகின் முன்மூக்கில் அணியத்துப் பலகைக்கு அடியில், ஆண்கள் கண்ணில் படாமல் சொருகிவிடுவோம். புறப்பட்ட கரைக்கே திரும்பி வரட்டும் என்று. அவர் படகுக்கு வைத்தேன், வந்தார், ஒவ்வொரு தடவையும் வந்தார். கிளீட்டஸின் பெட்டிக்கு வைத்தேன். டெல்பின் சென்னைக்குப் படிக்கப் போனபோது அவள் டிரங்குப் பெட்டியிலும் வைத்தேன், அந்தப் பை தையல்விட்டு மண் முழுக்கப் புத்தகத்துக்குள் போய், கூட இருந்த பிள்ளைகள் ஒங்க ஊர்ல சோத்துக்குப் பதிலா இதுதானா என்று கேலி செய்தார்களாம். அவள் என்னை ஏசவில்லை, இனிமே வேண்டாம் அம்மோ என்று மட்டும் சொன்னாள், அது ஏசியதைவிடப் பெரிதாக இருந்தது. சரி மக்ளே என்றேன். சரி என்றுதான் இருந்தேன். ஆனால் இந்தப் பெட்டி ஜீப்பில் வந்து இறங்கியதையும், அவள் அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு படியேறியதையும் பார்த்தபோது எனக்கு ஒரு படகு இறங்குகிற மாதிரியே இருந்தது. நான் வந்ததும் அன்றைக்குத்தான், பெட்டி வந்ததும் அன்றைக்குத்தான். பையோ என் துணிமணிக்குள் இருந்தது, எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டுவந்தது, அவர் இடுப்பில் கட்டுகிற பழைய சாரத்தைக் கிழித்து இந்தத் தடவை இரட்டைத் தையல் போட்டது. அவள் பால் வாங்கப் போன நேரம் மேசைக்கும் பெட்டிக்கும் நடுவில் போட்டிருந்த ஸ்பஞ்சுக்குள் அதை நுழைத்துவிட்டேன். பெட்டிக்கு ஒரு அசைவும் இல்லை. சத்தியமாக ஒரு வயரைத் தொடவில்லை.

அன்றிலிருந்து பெட்டி சரியில்லை என்கிறாள். அதிகமாக எண்ணுகிறதாம். நிலையத்தில் இதன் சோடிப் பெட்டி ஒன்று இருக்கிறது, அது நிதானமாக எண்ணுகிறது, இது பறக்கிறது. ஜீப்பின் குலுக்கலில் உள்ளே ஏதோ விட்டுப்போயிற்று, எங்கேயோ வெளிச்சம் புகுகிறது என்று ஒரு வாரமாக டேப்பின்மேல் டேப் சுற்றினாள், சன்னலுக்குப் போர்வை கட்டினாள், அறையை இருட்டாக்கி டார்ச்சை வைத்துத் தடவித் தடவிப் பார்த்தாள். நாளைக்குக் காலையில் நிலையத்துப் பெரிய சார் வந்து பார்க்கிறார், அவர் சரி என்றால்தான் பள்ளிக்கூடத்துப் பெட்டிகள். இன்றைக்குச் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு சொன்னாள், சாயங்காலம் வந்து பிரிச்சிரப் போறேன் அம்மோ, வேற வழியில்ல. பிரித்தால் ஒட்டியதெல்லாம் விட்டுப்போகும், பலகை கீறும், மறுபடி முதலிலிருந்து. ஒரு வருடம். சொல்லும்போது குரல் உடையவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. நான் என்ன செய்ய. துயரத் தேவரகசியம் சொன்னேன், ஜெபமாலையை மேசைப் பக்கம் காட்டிச் சொன்னேன். அப்புறம்தான் இந்த நினைப்பு வந்தது, அவள் பெட்டியைத் தூக்கினால் அடியில் பை இருக்குமே. இனிமே வேண்டாம் அம்மோ என்று சொன்ன பிள்ளை, மனம் நொந்து பெட்டியைத் தூக்குகிற நேரத்தில், அடியில் அப்பாவின் சாரத் துணியைப் பார்த்தால். ஏசமாட்டாள். அதுதான் பயம். ஊருக்கு டிக்கெட் எடுத்துத் தருவாள்.

முறத்தைத் தள்ளிவைத்துவிட்டேன். எழுந்துவிட்டேன். எடுத்துவிடுவது நல்லது, வைத்ததும் தெரியாது எடுத்ததும் தெரியாது. கையைத் துடைத்துக்கொண்டேன், ஈரக்கை கூடாது. ஒரு விரல், இரண்டு விரல், ஸ்பஞ்சு கொஞ்சம் பொங்கியது, பை வந்துவிட்டது, பெட்டி அசையவில்லை, மாதாவே ஸ்தோத்திரம். பையை மடியில் சொருகிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டேன், ஏதோ திருடியவள் மாதிரிப் பாத்திரத்தை எடுக்கிறேன் வைக்கிறேன். அப்போதுதான் காதில் ஏதோ குறைகிறது. டிக். இல்லை. இல்லை. டிக். எங்கே போயிற்று மற்றதெல்லாம்? ஓலைக்குடிசையில் மழை விட்டபிறகு இறவாரத்திலிருந்து விழுகிற சொட்டு மாதிரி, டிக், பிறகு ஒரு பெரிய சும்மா, டிக். செத்துக்கொண்டிருக்கிறது. நான் ஏதோ செய்துவிட்டேன், அவள் பிரிக்கிறதற்கு முன்னால் நான் கெடுத்துவிட்டேன். ஓடிப்போய் மேசையின்மேல் கவிழ்ந்து பார்த்தேன், தொடவில்லை, பார்த்தேன், உடனே டிக் டிக் டிக் டிக்கென்று பழையபடி. உயிர் வந்தது, அதற்கும் எனக்கும். சேசுவே நன்றி என்று பின்னால் நகர்ந்தேன். குறைந்தது. முன்னால் போனேன். கூடிற்று. பின்னால். முன்னால். சன்னலில் மேகம் வெள்ளையாக நிற்கிறது, யாரும் இல்லை, நான் மேசைக்குப் போவதும் வருவதுமாக இருக்கிறேன், பெட்டி என்னைப் பார்த்துப் பார்த்துக் கத்துகிறது.

அப்படியானால் நான்தான். கிட்ட வராதே என்றாளே, அவளுக்குத் தெரிந்திருக்குமோ, தெரிந்துதான் சொன்னாளோ, சொல்ல மனம் வராமல் வயர் என்றாளோ. என் உடம்பில் ஏதோ இருக்கிறது. பாயில் உட்கார்ந்துவிட்டேன். என் அக்கா லீயோனம்மாளுக்கும் இப்படித்தான், ஒன்றும் தெரியாது, மீன் விற்றுக்கொண்டுதான் இருந்தாள், ஒரு நாள் மார்பில் கல் மாதிரி ஒன்று என்றாள், பெரிய ஆஸ்பத்திரியில் மெஷினுக்குள் படுக்கவைத்தார்கள், நான் வெளியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அந்த மெஷின் போட்ட சத்தம். அடுத்த பெரிய வெள்ளிக்கு அக்கா இல்லை. கரையில் இரண்டு பேச்சு உண்டு. நம்ம மண்ணுல ஏதோ இருக்கு, அதாக்கும் என்று ஒரு பேச்சு. மண்ணைக் குத்தம் சொல்லாத, இதுல பொரண்டு வளந்தவங்க பேரன் கல்யாணம் பாத்துட்டுத்தான் போறாங்க என்று ஒரு பேச்சு. டாக்டரிடம் கேட்டோம், எந்த ஊர்லயும் யாருக்கும் வரும் என்றார். அக்காளும் நானும் ஒரே பாயில் வளர்ந்தவர்கள். அப்படியானால் இப்போது எனக்கு. எங்கே, மார்பிலா, வயிற்றிலா, வலிக்காத காரியம் எவ்வளவோ நம் மேல் நடந்துகொண்டிருக்கிறது என்று நான்தானே இப்போது நினைத்தேன், கெட்ட வாய். ஆண்டவரே, எனக்குப் பயமில்லை என்று சொன்னால் பொய், உம்மிடம் பொய் சொல்லமாட்டேன். ரெஜினாளுக்குப் பிள்ளைப்பேறு மாசியில் இருக்கிறது, அது வரைக்கும் தாரும். அவருக்குச் சோறு வடிக்கத் தெரியும், கஞ்சி கொட்டாமல் வடிக்கத் தெரியாது. கிளீட்டஸ் வரும்வரை என்னை வெளியே வைத்திருக்கமாட்டார்கள், ஐஸ்பெட்டியில் வைப்பார்கள், எனக்கு ஏற்கெனவே குளிர் தாங்காது. இதை நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது, பயத்தின் நடுவில் சிரிப்பு வந்தால் அது மாதா என்பது என் எண்ணம். சிரித்ததில் வயிறு குலுங்கி மடியில் ஏதோ குத்தியது. பை.

பை. கையில் எடுத்துப் பார்த்தேன். கட்டம்போட்ட சாரத் துணி, இரட்டைத் தையல், உள்ளே எங்கள் மண், ஒரு முட்டையளவு கனம். எழுந்து அதை அடுக்களை அலமாரியில் உப்புச் சாடிக்குப் பின்னால் வைத்துவிட்டு, வெறும் மடியோடு மேசைக்குப் போனேன். டிக். நின்றேன். இன்னும் குனிந்தேன். டிக். பெட்டி என்னைக் கண்டுகொள்ளவில்லை. இத்தனை நிம்மதியாக என்னை யாரும் கண்டுகொள்ளாமல் விட்டதில்லை. மறுபடி போய்ப் பையை எடுத்துவந்து நீட்டினேன், கத்தியது. வைத்துவிட்டு வந்தேன், அடங்கியது. நானில்லை. மண். ஒரு வாரமாக ஆகாசத்துக்கு அப்புறத்திலிருந்து வருகிறது என்று நான் கேட்டுக்கொண்டிருந்ததில் பாதிக்குமேல் எங்கள் கொடிமரத்தடியிலிருந்து வந்தது. இதற்கு நான் எத்தனை ஜெபம் சொல்லியிருக்கிறேன். ஒரு டிக்குக்குக் கிளீட்டஸ், ஒரு டிக்குக்கு ரெஜினாள், ஒரு டிக்குக்கு அவருடைய முட்டு என்று நினைத்து நினைத்துக் கும்பிட்டேனே, அதில் எது வானத்துக்குப் போயிற்று, எது ஊருக்கே போயிற்று? போனால் என்ன, ஊரில்தானே கோவில் இருக்கிறது. டிக். இது இப்போது கேட்பதுதான் நிஜமாக அங்கிருந்து வருவது, சாவகாசமாக, கேட்டுக் கேட்டு வருகிறது, இதற்கானால் ஒரு டிக்குக்கு ஒரு மணி சொல்லலாம் போலிருக்கிறது.

ஆனால் சொல்லவேண்டுமா? சொல்லாமல் இருந்தால் என்ன? பையை என் துணிக்குள் வைத்துவிட்டுப் பட்டாணியை உரித்தால் போதும், அவள் வருவாள், பெட்டி தானாகச் சரியாகியிருக்கும், நான் ஜெபமாலை சொன்னேன் மக்ளே என்பேன், அதிலும் பொய் இல்லை. நல்ல யோசனையாகத்தான் இருந்தது, ஒரு கைப்பிடி பட்டாணி உரிக்கிற நேரம். பிறகு அவளுடைய முகம் வந்தது, காந்தத்தில் தாடியோடு நிற்கிற முகம். தானாகச் சரியாயிற்று என்றால் விட்டுவிடுகிற பிள்ளையா அவள்? ஏன் சரியாயிற்று என்று பார்ப்பதற்காகவே பிரிப்பாள். கெட்டுப்போனதை மன்னித்தாலும் காரணம் தெரியாமல் நல்லதாகிப்போனதை அவள் மன்னிக்கமாட்டாள். நூறு வருடம் கேட்கிற கூட்டத்தில் அல்லவா இருக்கிறாள். அப்படியானால் சொன்னால்தான் பெட்டி பிழைக்கும். சொன்னால் பெட்டி பிழைக்கும், நான்? இந்தக் கம்பளி, இந்த மேகம், இந்த முறம். கோவிலில் காணாமற்போன பிள்ளை சேசுவைத் தேடிக்கொண்டு மாதா போனபோது அவன் படித்தவர்கள் நடுவில் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்தான், மாதாவுக்கு ஒன்றும் புரியவில்லை என்றுதான் எழுதியிருக்கிறது. புரியாதவளை வாசலோடு அனுப்பிவிட்டார்கள் என்று எழுதியில்லை. அவனும் கூடவே வீட்டுக்குப் போனான். டிக்.

செருப்புச் சத்தம். டெல்பின் வந்துவிட்டாள், முடியெல்லாம் பனித்துளி, ஒரு கையில் டேப் வெட்டுகிற கத்தி, மறு கையில் கறுப்புக் காகிதச் சுருள். ஒரு கால் வாசலுக்குள் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். காது கேட்கிறது, முகம் கேட்கிறது, நனைந்த துப்பட்டா கூட நின்று கேட்கிற மாதிரி இருக்கிறது.

“என்ன செஞ்ச அம்மோ?”

“ஒண்ணும் செய்யல்ல மக்ளே. செஞ்சதை எடுத்துட்டேன்.”

உப்புச் சாடிக்குப் பின்னாலிருந்து பையை எடுத்து நீட்டினேன், நீட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், படகு, அணியம், ஸ்பஞ்சு, பால் வாங்கப் போனது, மடி, போனது வந்தது. என் உடம்பு என்று பயந்ததையும் சொன்னேன், அதை மட்டும் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. பையை வாங்கவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வயரைப் பார்த்தாளாம், பலகையைப் பார்த்தாளாம், வெளிச்சம் பார்த்தாளாம், கரண்டைப் பார்த்தாளாம், அடியில் பார்க்கவில்லையாம். இதைச் சுவரிடம் சொல்வது மாதிரிச் சொன்னாள். நான் பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நம்ம மண்ணுல வெசம் உண்டுமா மக்ளே என்று கேட்டேன், அதைத்தான் முதலில் கேட்க வாய் வந்தது. தோரியம் என்று ஒன்று உண்டு, அது கொஞ்சம் கொஞ்சமாகத் தெறித்துக்கொண்டே இருக்கும், அதையும் சேர்த்துத்தான் பெட்டி எண்ணியிருக்கிறது, உன் கையில் இருக்கிற பையால் ஒன்றும் ஆகாது என்றாள்.

“அப்போ ஒன் பெரியம்மா லீயோனம்மாளுக்கு வந்தது?”

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “தெரியாது அம்மோ. அதுனாலயான்னு யாராலயும் சொல்ல முடியாது.”

நட்சத்திரத்தைப் பற்றித் தெரியாது என்று சொன்ன அதே குரல். அந்தக் குரலை நான் நம்புகிறேன். அக்காளை அந்தத் தெரியாதில் வைத்தால் அவள் பத்திரமாக இருப்பாள் போலிருந்தது. அந்தத் தோரியம் நம் கரைக்கு எங்கிருந்து வந்தது என்றேன், பேச்சு நிற்காமல் இருக்கட்டும் என்றுதான் கேட்டேன். மலைப்பாறையிலிருந்து ஆறு கொண்டுவந்தது என்றாள். பாறைக்கு? அவள் முகத்தில் அந்த மாற்றம் லேசாக வந்தது. பாறைக்கு முன்னால், பூமிக்கே முன்னால், எங்கேயோ நட்சத்திரம் வெடித்ததில் உண்டானதுதான் அதுவும் என்றாள்.

“அப்போ நான் வெளியாள் யாரையும் கூட்டிட்டு வரல்லியே,” என்றேன்.

அதற்குத்தான் சிரித்தாள். ஒரு வாரத்துச் சிரிப்பு, அடக்க முடியாமல் முட்டில் முகத்தை வைத்துக்கொண்டு, சோத்துக்குப் பதிலா மண்ணு, அதையும் பெட்டிக்குப் போட்டிருக்கா பாரு என்று யாரிடமோ சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கத்தியையும் காகிதச் சுருளையும் எடுத்து அலமாரியின்மேல் வைத்தாள். மேசையருகே நாற்காலியை இழுத்துப்போட்டு எண்கள் ஓடுகிற திரையைத் திருப்பிவைத்துக்கொண்டாள். நாளைக்குப் பெரிய சாரிடம் இதைக் காட்டப்போகிறாளாம், பெட்டி மண்ணையே கண்டுபிடிக்கிற அளவுக்கு நன்றாக இருக்கிறதாம், எவ்வளவு தூரத்தில் எவ்வளவு என்று இப்போதே பார்த்துவிட வேண்டுமாம். பையோட அடுக்களை வாசல்ல நில்லு அம்மோ என்றாள். நின்றேன். டிக். ஒரு பெரிய சும்மா. டிக். இது மேலேயிருந்து வருவது, எனக்கு இப்போது தெரியும். சன்னலில் மேகம் விலகித் தேயிலைச் சரிவின் மறுபாதி திரும்பக் கிடைத்திருந்தது. பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன், நற்கருணை வாங்கப் போகிறவள் மாதிரி. ஒரு அடி வைத்தேன். டிக் டிக். இன்னும் ஒரு அடி. மழை பிடிக்கிறது. பாயைத் தாண்டினேன், முறத்தைத் தாண்டினேன், இந்த ஒரு வாரமாக நான் தாண்டக்கூடாத இடம் வந்ததும் கால் தானாக நின்றுவிட்டது.

டெல்பின் திரையிலிருந்து தலையை எடுக்காமலே கையைப் பின்னால் நீட்டினாள்.

“இன்னும் கிட்ட வா அம்மோ.”